வாசகர் கேள்விகள்: ஆல்பா சென்டாரி, ஒரு புள்ளிக்குள் மூன்று விண்மீன்கள்

சென்ற இதழில், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் எது என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதியிருந்தோம். அந்த ஒரு வரி போதவில்லை என்பதை அதன்பின் வந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அந்த விண்மீன் தொகுதிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பாடநூலில் மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி என்று இருக்கிறது. என் மாமா ஆல்பா சென்டாரி என்கிறார். எது சரி? (பதினொன்றாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

இரண்டும் சரி, இரண்டும் ஒரே குடும்பத்தைக் குறிக்கின்றன. தென்வானில் வெறும் கண்ணுக்கு ஒரே ஒளிப்புள்ளியாகத் தெரியும் ஆல்பா சென்டாரி உண்மையில் இரண்டு விண்மீன்கள். அவற்றை வானியலாளர்கள் ஆல்பா சென்டாரி ஏ என்றும் பி என்றும் அழைக்கிறார்கள். அவை நம்மிடமிருந்து ஏறத்தாழ 4.37 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கின்றன. அந்த இரண்டையும் வெகு தொலைவிலிருந்து சுற்றிவரும் மூன்றாவது விண்மீன்தான் பிராக்சிமா. அது இப்போது தன் பாதையில் நம் பக்கமாகச் சற்று முன்தள்ளி நிற்பதால் 4.25 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. கிலோமீட்டரில் சொன்னால் அது ஏறத்தாழ 40 லட்சம் கோடி. தனி விண்மீனாகக் கேட்டால் விடை பிராக்சிமா. தொகுதியாகக் கேட்டால் விடை ஆல்பா சென்டாரி.

இந்தத் தொலைவுகளை மனத்தில் பதிக்க ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள 15 கோடி கிலோமீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கினால், சூரியன் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான விட்டமுள்ள சிறு மணியாகிவிடும். அந்த மணியைச் சென்னையில் வைத்தால், ஏயும் பியும் 276 கிலோமீட்டருக்கு அப்பால், ஏறத்தாழத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் வளாகத்தில் இருக்கும். அவை ஒன்றையொன்று நெருங்கும்போது இடைவெளி 11 மீட்டர்; விலகும்போது 36 மீட்டர். பிராக்சிமாவோ அவற்றிலிருந்து 13 கிலோமீட்டர் தள்ளி, திருவையாற்றைச் சற்றே தாண்டிய இடத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் கடுகாகக் கிடக்கும். சென்னைக்கும் அந்தக் கடுகுக்கும் இடையில் வேறு ஒரு விண்மீனும் கிடையாது.

கேள்வி: மூன்றும் ஒரே வகை விண்மீன்களா? (தூத்துக்குடி வாசகர்)

இல்லை, அதுவே இந்தத் தொகுதியின் சிறப்பு. ஏ என்பது சூரியனுக்கு உடன்பிறப்பு என்று சொல்லத் தக்கது. இரண்டும் ஒரே நிறமாலை வகையைச் சேர்ந்தவை. நிறை சூரியனைப் போல 1.08 மடங்கு, ஒளிர்வு ஒன்றரை மடங்கு, மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 5,800 கெல்வின். பி சற்றுச் சிறியது, சற்றுக் குளிர்ந்தது. நிறை சூரியனில் பத்தில் ஒன்பது பங்கு, ஒளிர்வு பாதி, நிறம் மஞ்சளிலிருந்து இளஞ்செம்மஞ்சளை நோக்கிச் சாய்ந்தது. பிராக்சிமா முற்றிலும் வேறு இனம். அது ஒரு செங்குறுமீன், அதாவது சிறிய, குளிர்ந்த, செந்நிற விண்மீன். நிறை சூரியனில் எட்டில் ஒரு பங்கு, ஒளிர்வு ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. மிக அருகில் இருந்தும் அது வெறும் கண்ணுக்குத் தெரியாததற்கு இந்த மங்கலே காரணம். வெறும் கண்ணால் காணக்கூடிய மிக மங்கிய விண்மீனைவிட அது ஏறத்தாழ நூறு மடங்கு மங்கலானது.

ஆனால் ஆயுளில் பிராக்சிமாவே முந்தி நிற்கிறது. ஏயைப் போன்ற விண்மீன், மையத்தில் உள்ள ஹைட்ரஜனை மட்டுமே எரித்துச் சில நூறு கோடி ஆண்டுகளில் தீர்த்துவிடும். பிராக்சிமாவின் உட்பொருள் உலைநீர் போல அடியிலிருந்து மேல்வரை முழுவதும் கலங்கிக்கொண்டே இருப்பதால், அதனிடம் உள்ள ஹைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் மையத்துக்கு வந்து எரியும். எரியும் வேகமும் மிகக் குறைவு. ஆகவே அது பல லட்சம் கோடி ஆண்டுகள் ஒளிரும் என்பது கணக்கு.

கேள்வி: ஆல்பா சென்டாரி இரட்டை விண்மீன் என்பதை முதலில் கண்டது எங்கள் ஊரில்தான் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நம்பலாமா? (புதுச்சேரி வாசகர்)

நம்பலாம். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தோம் என்பதே உண்மை.

ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி, பிரெஞ்சு அரசர் அனுப்பிய தூதுக்குழுவுடன் சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டுக்குச் சென்றவர்களுள் ஒருவர். அந்தத் துறவிகள் சமயப் பணியோடு கணிதமும் வானியலும் அறிந்தவர்கள். தொலைநோக்கிகளைக் கையோடு கொண்டு சென்றவர்கள். 1688-ஆம் ஆண்டில் சயாமில் ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற நேர்ந்தபோது, ரிஷோ அங்கிருந்து புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் தென்வானில் ஒரு வால்மீன் தோன்றியது. அந்த மாதத்தில், பாதி மனிதனும் பாதி குதிரையுமாக உருவகிக்கப்படும் சென்டாரஸ் விண்மீன் குழு விடியலுக்கு முன் தென்கிழக்கில், கடலுக்கு மேல் தாழ எழுகிறது. வால்மீனைத் தம் பன்னிரண்டடித் தொலைநோக்கியால் பின்தொடர்ந்துகொண்டிருந்த ரிஷோ, அந்தக் குதிரைமனிதனின் பாதத்தில் உள்ள ஒளிமிக்க விண்மீனான ஆல்பா சென்டாரியையும் நோக்கினார். ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விண்மீன்கள், கிட்டத்தட்ட ஒட்டியபடி நின்றன. அதை அவர் பதிவு செய்தார். தொலைநோக்கி கண்டு தந்த தொடக்ககால இரட்டை விண்மீன்களுள் இதுவும் ஒன்று.

இங்கே ஒரு திருத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் தொலைநோக்கியால் முதன்முதலில் வானை ஆராய்ந்தவரும் ரிஷோவே என்று சிலர் எழுதுவது பொருந்தாது. 1651-இலேயே ஜெரிமையா ஷேகர்லி என்ற ஆங்கிலேயர் சூரத்திலிருந்து, புதன் கோள் சூரியனின் முகத்தைக் கடப்பதைக் கண்டிருக்கிறார். புதுச்சேரிக்கு உரிய பெருமை தனியானது. அதற்குப் பிறர் பெருமையைச் சேர்த்துக்கொள்ளத் தேவையில்லை.

ஏயும் பியும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கணக்கின்படி, ரிஷோ கண்ட அதே நிலைக்கு அவை 2009 வாக்கில் நான்காம் முறையாகத் திரும்பி வந்தன. அவர் அன்று கண்டது ஒரு சுற்றுப்பாதையின் ஒரு கணம் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. இரட்டை விண்மீன்கள் ஈர்ப்பால் பிணைந்து ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பது நிறுவப்பட இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கேள்வி: யாரும் போய் அளக்காத தொலைவை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள். விரல் பின்னால் உள்ள சுவரில் இடம் மாறித் தோன்றும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஜனவரியில் ஓர் இடத்திலிருந்தும் ஜூலையில் 30 கோடி கிலோமீட்டர் தள்ளி மற்றோர் இடத்திலிருந்தும் நாம் வானைப் பார்க்கிறோம். அருகில் உள்ள விண்மீன், தொலைவில் உள்ளவற்றின் பின்னணியில் கட்டைவிரலைப் போலவே சற்று ஊசலாடும். அந்த ஊசலின் பாதி அளவை இடமாறு தோற்றக் கோணம் என்கிறோம். அது தெரிந்தால் தொலைவு முக்கோணக் கணக்காகிவிடும்.

கடினம் கோணத்தின் சிறுமையில் இருக்கிறது. ஆல்பா சென்டாரிக்கு அது ஒரு வில்விநாடியில் (ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு) முக்கால் பங்கு மட்டுமே; ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் அவ்வளவுதான். மிக அருகில் உள்ள விண்மீனுக்கே இந்த நிலை.

அதை முதலில் அளந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் ஹெண்டர்சன். 1832, 1833 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வானாய்வகத்தில் அவர் பொறுப்பில் இருந்தபோது இதன் நிலையைத் திரும்பத் திரும்பக் குறித்தார். அளவுகள் கையில் இருந்தும், கருவியின் பிழையோ என்ற ஐயத்தால் அவர் உடனே வெளியிடவில்லை. தாயகம் திரும்பி, கணக்குகளைச் சரிபார்த்து அவர் வெளியிட்டது 1839-இல். அதற்குச் சற்று முன், 1838-இல், ஜெர்மானியரான பெசல், சிக்னஸ் குழுவில் உள்ள 61 என்ற எண்ணுடைய விண்மீனின் தொலைவை அறிவித்துவிட்டார். முதலிடம் பெசலுக்குப் போயிற்று. ஹெண்டர்சனின் எண் ஒரு வில்விநாடியைச் சற்றே தாண்டியிருந்தது. அது உண்மை அளவைவிடக் கணிசமாகப் பெரிது. அதாவது, விண்மீன் இருப்பதைவிட அருகில் இருப்பதாக அவர் கணித்தார். ஆயினும் அவருடைய தயக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை. அதுவரை பலர் இந்தக் கோணத்தைக் கண்டுவிட்டதாக அறிவித்து, அவை அனைத்தும் பிழையாகிப் போயிருந்த காலத்தில், தன் கருவியையே ஐயுற்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவரின் நேர்மை போற்றத்தக்கது.

கேள்வி: பிராக்சிமா உண்மையிலேயே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா, அல்லது தற்செயலாக அந்த வழியே போய்க்கொண்டிருக்கிறதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

நூறாண்டு காலம் வானியலாளர்களே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. 1915-இல் ஜோகன்னஸ்பர்க் நகரின் யூனியன் வானாய்வகத்தில் இருந்த ராபர்ட் இன்னஸ், சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு ஒளிப்படத் தகடுகளை மாற்றி மாற்றிக் காட்டும் கருவியில் வைத்து ஒப்பிட்டார். நகராத விண்மீன்கள் அசையாமல் நிற்க, ஒரு மங்கிய புள்ளி மட்டும் துள்ளியது. அது ஆல்பா சென்டாரியிலிருந்து இரண்டு பாகைக்கும் சற்று அதிகமாகத் தள்ளி இருந்தபோதிலும், அதே திசையில், அதே வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு, மிக அருகானது என்று பொருள்படும் பிராக்சிமா என்ற இலத்தீன் பெயரைச் சூட்டியவரும் அவரே.

சேர்ந்து நகர்வது மட்டும் உறவுக்குச் சான்றாகிவிடாது. ஏ, பி இரண்டின் ஈர்ப்பு பிராக்சிமாவைப் பிடித்து வைக்க வேண்டுமானால், அவற்றைச் சார்ந்து அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 545 மீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். மங்கிய விண்மீனின் வேகத்தை இவ்வளவு நுட்பமாக அளக்க நெடுங்காலம் கருவி இல்லை. சிலி நாட்டில் உள்ள, விண்மீனின் ஒளியைப் பிரித்து அதன் வேகத்தை அளக்கும் ஹார்ப்ஸ் நிறமாலைமானி தந்த அளவுகளைக் கொண்டு கெர்வெல்லா, தெவெனன், லோவிஸ் ஆகிய மூவர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் என்று தெரியவந்தது. வரம்பில் பாதி. ஆகவே பிராக்சிமா குடும்பத்தைச் சேர்ந்ததே. அது ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 5,50,000 ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: இரண்டு சூரியன்கள் இருந்தால் அங்கே இரவே வராதா? (சென்னை வாசகர்)

ஏயிலிருந்து, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவில் ஒரு கோள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். அந்த வானில் ஏ நம் சூரியனைப் போலவே இருக்கும். பி மிக நெருங்கும் காலத்தில், அதன் ஒளி நமது பகல் ஒளியில் 250-இல் ஒரு பங்கு. அது நம் முழுநிலவைப் போல ஆயிரத்தறுநூறு மடங்கு. மிக விலகிய காலத்திலும் முழுநிலவைப் போல 160 மடங்கு இருக்கும். நெருங்கிய ஆண்டுகளில் அந்த இரவில் விளக்கின்றிப் புத்தகம் படிக்கலாம். கூர்ந்த பார்வையுள்ளவர்களுக்கு பி மிகச் சிறிய வட்டமாகவே தெரியக்கூடும்.

ஆனால் இருள் முற்றிலும் இல்லாமல் போகாது. கோள் தன் சூரியனைச் சுற்றுவதால், ஆண்டின் ஒரு பகுதியில் பி இரவு வானிலும், ஆறு மாதம் கழித்துப் பகல் வானிலும் இருக்கும். பகலில் இரண்டும் சேர்ந்து எழுந்து சேர்ந்து மறையும் அந்த மாதங்களில் நல்ல இருட்டு கிடைக்கும். அந்த இருட்டில் மட்டுமே மூன்றாவது சூரியனான பிராக்சிமா தெரியும். அதுவும் இடம் தெரிந்து தேடினால் அகப்படும் ஒரு மங்கிய புள்ளியாகத்தான். நம் சூரியனோ காசியோப்பியா குழுவில், கூடுதலாக ஒரு நல்ல ஒளியுள்ள விண்மீனாக அங்கே காணப்படும்.

கேள்வி: அங்கே கோள்கள் இருக்கின்றனவா? ஒரு செய்தி இருக்கிறது என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. (திருநெல்வேலி வாசகர்)

ஒவ்வொரு விண்மீனுக்கும் விடை வேறு என்பதால்தான் இந்தக் குழப்பம்.

பிராக்சிமாவுக்குக் கோள் உண்டு. 2016 ஆகஸ்டில் அங்லாடா எஸ்குதே தலைமையிலான குழு அறிவித்த பிராக்சிமா பி என்ற கோளின் குறைந்தபட்ச நிறை பூமியைவிடச் சற்றே அதிகம். அது தன் விண்மீனை 11.2 நாட்களில் சுற்றுகிறது. அது தன் விண்மீனிலிருந்து இருக்கும் 75 லட்சம் கிலோமீட்டர் என்பது மிகக் குறுகிய தொலைவுதான் என்றாலும், பிராக்சிமாவின் ஒளி அவ்வளவு குறைவு என்பதால், அந்தக் கோளுக்குக் கிடைக்கும் ஆற்றல் பூமி பெறுவதில் மூன்றில் இரண்டு பங்கு. நீர் திரவமாக இருக்கத்தக்க எல்லைக்குள் அது வருகிறது. 5 நாட்களில் சுற்றும், பூமியின் நிறையில் கால் பங்கே உள்ள மற்றொரு கோள் 2022-இல் அறிவிக்கப்பட்டது. மூன்றாவதாகச் சொல்லப்பட்ட ஒரு கோளின் இருப்பு இன்னும் விவாதத்தில் உள்ளது.

நீர் இருக்கத்தக்க எல்லை என்பதை உயிர் இருக்கும் இடம் என்று செய்தித்தாள்கள் மாற்றி எழுதிவிடுகின்றன. பிராக்சிமா அடிக்கடி சீறும் விண்மீன். 2016 மார்ச்சில் அது சில நிமிடங்களுக்கு இயல்பைவிடப் பல மடங்கு பிரகாசித்து, மிக இருண்ட இடத்திலிருந்து வெறும் கண்ணுக்கே எட்டும் அளவைத் தொட்டது. இத்தகைய சீற்றங்களை ஒரு வளிமண்டலம் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கி நின்றிருக்குமா என்பதே முதலில் தீர வேண்டிய கேள்வி.

ஆல்பா சென்டாரி பி என்ற விண்மீனின் கதை ஒரு நல்ல படிப்பினையைத் தந்தது. 2012-இல் அதைச் சுற்றி, மூன்றே நாட்களில் வலம்வரும் ஒரு புவி நிறைக் கோள் இருப்பதாக உலகெங்கும் செய்தி வந்தது. 2015-இல் வேறு ஆய்வாளர்கள் அதே அளவுகளை மீண்டும் ஆராய்ந்து, அந்தச் சைகை கோளால் வந்தது அன்று, எந்தெந்த இரவுகளில் அளந்தார்கள் என்ற இடைவெளி முறையே உண்டாக்கிய போலித் தோற்றம் என்று காட்டினார்கள். முதலில் அறிவித்தவர்களும் அளவுகளை மறைக்காமல் வெளியிட்டிருந்ததால்தான் இந்தத் திருத்தம் நடக்க முடிந்தது.

ஏயைப் பொறுத்தவரை, 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில், விண்மீனின் கண்கூசும் ஒளியை மறைத்தபின் ஒரு மங்கிய புள்ளி தெரிந்தது. கோளாக இருந்தால் அது ஏறத்தாழச் சனியின் நிறை உள்ள வாயுக்கோள். 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மீண்டும் பார்த்தபோது அது தென்படவில்லை. தன் சுற்றில் விண்மீனுக்கு மிக நெருங்கி மறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் விளக்கினார்கள். எனவே அதைக் கோள் என்று எழுதாமல், கோளாக இருக்கக்கூடியது என்றே இப்போதைக்கு எழுத வேண்டும்.

கேள்வி: அங்கே போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும்? (சேலம் வாசகர்)

நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாயேஜர் 1 அந்தத் திசையில் போகவில்லை; போனால் ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். அந்தத் தொகுதியே நம்மை நோக்கி நொடிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஏறத்தாழ 28,000 ஆண்டுகளில் 3 ஒளியாண்டு அளவுக்கு நெருங்கி, பிறகு விலகத் தொடங்கும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து இதைப் பார்க்க முடியுமா? என்னிடம் ஒரு சிறு தொலைநோக்கி இருக்கிறது. (யாழ்ப்பாணம் வாசகர்)

முடியும், வடக்கே இருப்பவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். இந்த விண்மீன் வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் அமையும் கோட்டுக்கு) ஏறத்தாழ 61 பாகை தெற்கே இருப்பதால், நாம் தெற்கே போகப்போக அது உயரும். தில்லியில் அடிவானத்தை உரசிப் போகிறது. சென்னையில் 16 பாகை, யாழ்ப்பாணத்தில் 19 பாகைக்கு மேல், கொழும்பில் 22 பாகை உயரத்தை எட்டுகிறது. மே மாதத் தொடக்கத்தில் நள்ளிரவிலும், மே இறுதியில் இரவு பத்தரை மணி வாக்கிலும், ஜூன் நடுவில் ஒன்பது மணியைச் சற்றுத் தாண்டியும் நேர்த் தெற்கில் நிற்கும். தெற்கே பார்த்து நின்றால் வலப்புறம் தென்சிலுவை சாய்ந்திருக்கும். அதற்கு இடப்புறம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள் தெரியும். சிலுவைக்கு அருகில் இருப்பது பீட்டா சென்டாரி. இடக்கோடியில் இருப்பதே ஆல்பா. சீரியசுக்கும், நாம் அகத்தியர் பெயரால் அழைக்கும் கனோபசுக்கும் அடுத்து, இரவு வானில் மூன்றாவது ஒளிமிக்க விண்மீன் இதுவே.

அறுபது மில்லிமீட்டர் வில்லை உள்ள தொலைநோக்கி ஏயையும் பியையும் பிரித்துக் காட்டப் போதும். நூறு மடங்கு உருப்பெருக்கம் வைத்துப் பாருங்கள். தாழ்வான வானில் காற்று நடுங்குவதால், தெற்கே திறந்த கடலோ வயலோ உள்ள இடத்தையும், மழை பெய்து ஓய்ந்த தெளிவான இரவையும் தேர்ந்தெடுப்பது நல்லது. 2016-இல் இரண்டுக்கும் இடையே தோன்றிய இடைவெளி 4 வில்விநாடி மட்டுமே. அன்றுமுதல் அது விரிந்து வருகிறது; இந்தப் பத்தாண்டின் முடிவில் ஏறத்தாழ 10 வில்விநாடியை எட்டும். விண்வெளியில் அவை உண்மையில் 2035-ஆம் ஆண்டின் மிக நெருங்கிய நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருக்க, நம் பார்வைக்கு மட்டும் விலகுவதாகத் தோன்றுவது, அந்தச் சுற்றுப்பாதையை நாம் கிட்டத்தட்ட விளிம்பிலிருந்து பார்ப்பதன் விளைவு. 2030-களின் பிற்பகுதியில் அவை பார்வைக்கும் ஒட்டிக்கொண்டு, சிறு தொலைநோக்கிகளுக்கு ஒரே புள்ளியாகிவிடும். ஆகையால் வரும் சில ஆண்டுகளின் மே, ஜூன் மாதங்களைத் தவறவிடாதீர்கள். பார்த்த நாளையும், இரண்டில் எது எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் வரைந்து வைத்து, ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வரைந்து ஒப்பிட்டால், பி நகர்ந்திருப்பதை நீங்களே காண்பீர்கள்.